ஒழுகும் கூரையும் ஐந்து டாலர் கழிவும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்: கட்டிய வீட்டைப் பழுது பார்த்துப் பார். வீடு கட்டக் கடன் வாங்குகிறவரை ஊர் மதிப்பாகப் பார்க்கிறது. பழுது பார்க்கக் கடன் வாங்குகிறவரிடம் "இப்ப என்ன அவசரம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே" என்கிறது. அடுத்த வருஷமும் மழை வருமே என்று கேட்டால் பதில் இல்லை.

வீட்டைப் பழுது பார்க்கவோ புதுப்பிக்கவோ கடன் வாங்கலாமா, கூடாதா? வாங்கு, வாங்காதே என்று ஆலோசனை சொல்லும் கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன நண்பர்களே, அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. இந்தக் கேள்வி சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் படித்தேன். கடைசியில் ஒரு தேதியில் போய் நின்றது. 27 ஜூன் 1934, அமெரிக்கா. அன்றுதான் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தேசிய வீட்டு வசதிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஓர் அரசாங்கமே மக்களைப் பார்த்து "வீட்டைச் சரி செய்யுங்கள், அதற்குக் கடன் வாங்குங்கள்" என்று பெரிய அளவில் சொன்னது அப்போதுதான்.

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-களில் அமெரிக்காவில் வீட்டு அடமானக் கடன் இன்றைய மாதிரி இருபது, முப்பது வருடத்துக்குக் கிடைக்காது. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வருடம், அதுவும் வீட்டு மதிப்பில் பாதி அளவுக்கு. பல கடன்களில் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போய், அசலைக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அப்படி அடமானத்தில் இருக்கிற வீட்டில் ஓட்டை விழுந்தால் யார் கடன் கொடுப்பார்கள்? இரண்டாம் அடமானம் என்று ஒன்று இருந்தது, வட்டியும் கமிஷனும் கண்ணைக் கட்டும். மரக்கடைக்காரரோ பெயின்ட் கடைக்காரரோ தவணைக்குச் சரக்கு கொடுப்பார். பெரிய வணிக வங்கிகள் சம்பளக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1928-இல் நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கி தனிநபர் கடனுக்கென்று ஒரு பிரிவு தொடங்கியது அன்றைக்குச் செய்தியாகவே பேசப்பட்டது.

அடுத்த வருடமே பங்குச் சந்தை சரிந்தது. பெருமந்தம் பற்றி நாம் எல்லோரும் பொருளாதாரப் பாடத்தில் படித்திருக்கிறோம், ஆனால் கட்டுமானத் தொழிலுக்கு என்ன ஆயிற்று என்பது நம் புத்தகத்தில் இல்லை. 1925-இல் அமெரிக்காவில் சுமார் 9,37,000 வீடுகள் கட்டத் தொடங்கப்பட்டன. 1933-இல் 93,000. பத்தில் ஒரு பங்கு! நாட்டில் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. தச்சர், கொத்தனார், குழாய் வேலை செய்கிறவர், செங்கல் சூளை, மர அறுவை ஆலை என்று ஒரு நீண்ட சங்கிலி அப்படியே நின்றுவிட்டது. சொந்த வீடு இருந்தவர்களும் நான்கு வருடமாகப் பெயின்ட் அடிக்கவில்லை, கூரையைத் தொடவில்லை. கையில் காசு இருந்தவர்கள்கூட நாளைக்கு என்ன ஆகுமோ என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் மாரினர் எக்கிள்ஸ் வருகிறார். யூட்டா மாநிலத்து வங்கிக்காரர், பிற்பாடு ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்தவர். வீட்டு வசதிச் சட்டத்தின் வரைவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். வங்கிகளில் பணம் சும்மா கிடக்கிறது, கொடுக்கத்தான் பயப்படுகிறார்கள். அரசாங்கம் தன் கஜானாவிலிருந்து எடுத்துச் செலவு செய்யாமல் அந்தப் பயத்தை மட்டும் நீக்கினால் போதும். திட்டம் இவ்வளவுதான்.

சட்டத்தின் இரண்டாம் பகுதியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீண்ட கால அடமானக் கடன்களுக்கு அரசுக் காப்பீடு, அதனால் அமெரிக்கப் புறநகர்கள் பெருகியது என்பது பெரிய கதை. முதல் பகுதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆனால் அவசரம் எல்லாம் அதில்தான் இருந்தது. புது வீடு கட்ட மனை பார்த்து, பத்திரம் பார்த்து, வரைபடம் போட்டு வேலை தொடங்க மாதக்கணக்கு ஆகும். ஒழுகும் கூரைக்கு நாளைக் காலையே ஆள் ஏறலாம். வேலையில்லாதவர்களுக்கு உடனே வேலை வேண்டும் என்றால் பழைய வீடுகளைத்தான் பிடிக்க வேண்டும்.

அது வேலை செய்த விதம் வணிகவியல் படிக்கிற நமக்கு ரசிக்கத்தக்கது. அரசு யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. 2,000 டாலர் வரை வீட்டுப் பழுதுக்கு வங்கி கடன் கொடுக்கலாம், அடமானம் தேவையில்லை. கடன் வாங்குகிறவரின் கையெழுத்தும், வருமானமும், நாணயமும் போதும். அப்படி ஒரு வங்கி கொடுத்த கடன்களின் மொத்தத் தொகையில் 20 சதவீதம் வரை நஷ்டம் வந்தால் புதிதாக அமைக்கப்பட்ட ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் கொடுத்துவிடும். அதாவது ஒரு வங்கி 200 பேருக்குச் சேர்த்து 1,00,000 டாலர் கொடுத்திருந்தால், 20,000 டாலர் வரை வாராக்கடன் ஆனாலும் வங்கிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஐந்தில் ஒருவர் ஓடிப்போனாலும் பரவாயில்லை என்ற கணக்கு. தொடக்கத்தில் இதற்குக் காப்பீட்டுக் கட்டணமும் வாங்கவில்லை.

வங்கிகளின் பயம் போயிற்று. ஆனால் வீட்டுக்காரரின் பயம்? வேலை போகுமோ என்று நடுங்குகிறவனைக் கடன் வாங்க வைப்பது எப்படி? அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். விளம்பரத் தொழிலில் பெயர் எடுத்த வார்டு கேனடே என்பவர் பிரச்சாரத்துக்குப் பொறுப்பேற்றார். 'பெட்டர் ஹவுசிங்' என்ற பெயரில் ஊர் ஊராகக் குழுக்கள் அமைந்தன. தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, உங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். திரையரங்குகளில் செய்திப்படம் ஓடியது. பழைய வீட்டைப் புதுப்பிப்பது தேசத்துக்குச் செய்யும் கடமை என்கிற மாதிரி ஒரு சூழல்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வழக்கமாக வீட்டில் ஏதாவது உடையும், அப்புறம் பணத்துக்கு எங்கே போவது என்று தேடுவோம். 1934-இல் அந்த வரிசை தலைகீழாக மாறியது. பணம் முதலில் தயாராக நின்றது, உடைந்தது என்ன என்று பிறகு தேடினார்கள். வீட்டுப் பழுதுக் கடன் என்ற சரக்கு பிறந்ததே கூரைக்கு அடியில் இருந்தவரின் தேவையிலிருந்து அல்ல. வேலை தேவைப்பட்ட அரசாங்கமும், சரக்கு விற்க வேண்டிய ஆலைகளும், பணத்தைச் சுழற்ற வேண்டிய வங்கிகளும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

அதனால் அது மோசமான திட்டம் என்று சொல்ல வரவில்லை. 1940-இல் அமெரிக்கா முதன்முதலாக வீடுகளைக் கணக்கெடுத்தபோது சுமார் 45 சதவீத வீடுகளில் முழுமையான குழாய் வசதி இல்லை. அதாவது குழாயில் வெந்நீர், வீட்டுக்குள் குளியலறை, தண்ணீர் ஊற்றும் கழிப்பறை, இவற்றில் ஏதாவது ஒன்று இல்லை. பணக்கார நாடு என்று நாம் நினைக்கிற ஊரின் நிலைமை! தேவை நிஜம்தான். 1937-க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள் கொடுக்கப்பட்டுவிட்டன. பயந்த அளவுக்குப் பணம் மூழ்கவும் இல்லை. சாதாரணச் சம்பளக்காரர்கள் ஒழுங்காகத் தவணை கட்டுவார்கள் என்பதை வங்கிகள் இதில்தான் கண்டுகொண்டன. 1936-இல் 20 சதவீதக் காப்பை 10 ஆகக் குறைத்தும் வங்கிகள் ஓடிவிடவில்லை. 1937 ஏப்ரலில் திட்டம் காலாவதியாகி, 1938 பிப்ரவரியில் மறுபடி உயிர் பெற்றது. (யாருக்கு எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருந்த ஏழைகளுக்கு இதில் ஒன்றும் இல்லை. இதே நிறுவனம் தன் அடமானக் காப்பீட்டில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஒதுக்கி வைத்தது தனியாக எழுத வேண்டிய அநியாயம்.)

இனி தலைப்பில் சொன்ன ஐந்து டாலர். இந்தக் கடனுக்கு வங்கி எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்தார்கள்: 100 டாலருக்கு வருடத்துக்கு 5 டாலர் கழிவு. கேட்டதும் 5 சதவீத வட்டி என்றுதான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதே நோக்கமோ என்று எனக்குச் சந்தேகம். நடந்தது இதுதான். 100 டாலருக்கு நோட்டு எழுதிக் கொடுப்பீர்கள். கையில் 95 கிடைக்கும். அந்த 100-ஐ மாதம் 8.33 வீதம் பன்னிரண்டு தவணையில் கட்டுவீர்கள். ஐந்து ரூபாய்க்கு, அதாவது ஐந்து டாலருக்கு, முழு 95-ம் ஒரு வருடம் உங்களிடம் இருந்ததா? இல்லையே! மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்விடுகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகைக்குச் சற்று அதிகமாகத்தான் உங்கள் கையில் இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உண்மையான வருட வட்டி ஏறத்தாழ 9.6 சதவீதம்.

நம் ஊரில் கடைவீதி வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்டலில் 10,000 எழுதிக்கொண்டு, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிக்கிற அதே தத்துவம்தான். வட்டி மட்டும் இங்கே பல மடங்கு. அமெரிக்க அரசின் முத்திரையோடு வந்த கடனும் தண்டலும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது :)

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் கதையில் வில்லன்கள் வருகிறார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்களை 'டைனமைட்டர்கள்' என்று அழைத்தன. ஊருக்குள் கார்களில் வந்து இறங்குவார்கள். கூரை மாற்றுவது, சுவருக்கு அலுமினிய உறை போடுவது, கொதிகலன் மாற்றுவது என்று எதையாவது விற்பார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற வசனம் இப்படி இருக்கும்: "உங்கள் வீட்டை இந்தப் பகுதிக்கு மாதிரி வீடாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இதைப் பார்த்து மற்றவர்கள் செய்துகொண்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் உங்களுக்குக் கமிஷன். கடைசியில் உங்களுக்கு இது இலவசமாகவே முடிந்துவிடும்." வீட்டுக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். அதில் ஒன்று கடன் விண்ணப்பம். இன்னொன்று புரோநோட்டு. மூன்றாவது, வேலை திருப்தியாக முடிந்தது என்ற சான்றிதழ். வேலை தொடங்கும் முன்பே!

அந்தப் புரோநோட்டை விற்பனைக்காரர் வங்கிக்கு மேடோவர் செய்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கூரை இரண்டே மழையில் பிய்ந்தது என்று வீட்டுக்காரர் வங்கியிடம் போய் நின்றால், "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தகராறு, எங்களுக்குத் தவணை வர வேண்டும்" என்பார்கள். நண்பர்களே, இது நாம் வணிகச் சட்டத்தில் படித்த விஷயமேதான். மாற்றுமுறை ஆவணத்தை நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கு, முந்தியவர் செய்த ஏமாற்று வேலை எதுவும் ஒட்டாது என்ற விதி நம்முடைய 1881-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அது ஒரு வரையறையாகத்தான் தெரிந்தது. கூரை பிய்ந்த ஒரு குடும்பத்தின் பக்கம் நின்று படித்தால் அதே வரி வேறு மாதிரி இருக்கிறது.

வங்கி ஏன் விசாரிக்கவில்லை? ஏன் விசாரிக்க வேண்டும்! நஷ்டத்தை அரசு ஏற்றுக்கொள்கிறதே. பயத்தை நீக்கியபோது கவனத்தையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். 1954 ஏப்ரலில் விஷயம் வெடித்தது. நிறுவனத்தின் கமிஷனர் கை ஹாலிடே பதவி விலகினார். செனட்டர் ஹோமர் கேப்ஹார்ட் தலைமையிலான குழு விசாரணை நடத்தியது. அதே வருடம் ஆகஸ்டில் வந்த சட்டம், ஒவ்வொரு கடனின் நஷ்டத்திலும் 10 சதவீதத்தை வங்கியே சுமக்க வேண்டும் என்றது. வீட்டில் வாழ்வதற்கான அடிப்படை வசதியைக் காப்பாற்றுகிற, உயர்த்துகிற வேலைகளுக்குத்தான் இந்தக் கடன் என்றும் வரையறுத்தார்கள். அதற்குப் பிறகும் அலுமினிய உறை விற்பவர்கள் ஓயவில்லை. 1963-இல் பால்டிமோர் நகரத்தில் நடப்பதாக எடுக்கப்பட்ட 'டின் மென்' என்ற 1987-ஆம் வருடப் படம் அவர்களைப் பற்றியதுதான்.

1968-இல் வந்த சட்டம் உண்மையான வருட வட்டியை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றது. ஏற்கனவே குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து வாங்கும் கடனை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்றும் சொன்னது. 1975-இல் வந்த விதி, சரக்கு விற்றவர் மேல் இருக்கும் புகாரை அவர் ஏற்பாடு செய்த கடனைக் கொடுத்தவரிடமும் எழுப்பலாம் என்றது. அந்தப் புரோநோட்டு ஓட்டையை அடைக்க நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1934 மாதிரி ஒரு தேதி கிடையாது. இங்கே வீட்டுப் பழுது என்பது கடன் கொடுப்பவர்களின் கண்ணில் நீண்ட காலம் ஒரு 'வீண் செலவு'. ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமப்புறக் கடன் ஆய்வு (அறிக்கை 1954-இல் வந்தது) விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவு அமைப்புகளின் பங்கு வெறும் 3.1 சதவீதம் என்று கண்டது. லேவாதேவிக்காரர்களின் பங்கு, விவசாயம் பார்த்துக்கொண்டே வட்டிக்கு விட்டவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 70 சதவீதம். கூட்டுறவுச் சங்கம் விதைக்கும் உரத்துக்கும் கொடுக்கும். ஓடு மாற்றக் கொடுக்குமா?

சாதாரண மக்களுக்கு வீட்டுக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு எச்.டி. பரேக் 1977-இல் எச்.டி.எஃப்.சி-யைத் தொடங்கினார் (2023-இல் அது அதே பெயர் கொண்ட வங்கியோடு இணைந்துவிட்டது). தேசிய வீட்டு வசதி வங்கி 1988-இல் வந்தது. ஆனால் எல்லோருடைய கவனமும் வாங்குவதிலும் கட்டுவதிலும்தான். வருமான வரிச் சட்டத்தைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில், தான் குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டிக்குக் கழிவு 2001-இல் 1,50,000 ரூபாய் ஆனது, 2014-இல் 2,00,000 ஆனது. அதே வீட்டைப் பழுது பார்க்க வாங்கிய கடனுக்கு? 30,000. இரண்டு முறை அதை உயர்த்தியவர்கள் இதைத் தொடவே இல்லை. அசலைத் திருப்பிக் கட்டுவதற்குச் சலுகை கொடுத்த 80சி பிரிவோ, குடிபுகத் தகுதியான பிறகு செய்யும் மாற்றம், புதுப்பிப்பு, பழுது எல்லாவற்றையும் பெயர் சொல்லியே விலக்கியது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த 30,000-ம் கிடையாது.

அப்படியானால் நம் வீடுகளின் கூரையை இத்தனை வருடம் யார் காப்பாற்றினார்கள்? நகை. வேறு என்ன! அமெரிக்க அரசு ஈடில்லாமல் கொடுக்கச் சொல்லிப் பெரிய சட்டம் போட வேண்டியிருந்தது, இங்கே ஈடு அம்மாக்களின் கழுத்தில் தயாராக இருந்தது. சீட்டு எடுப்பதும் உண்டு. வருங்கால வைப்பு நிதியின் 1952-ஆம் ஆண்டுத் திட்டத்தில், வீடு கட்டி முடித்து ஐந்து வருடம் ஆன பிறகு அதைச் சீரமைக்க முன்பணம் எடுக்க 68பி பத்தி வழி செய்தது. ஆனால் அதற்கு வீடு உறுப்பினர் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை வீடுகள் அப்படி இருக்கின்றன?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். தாத்தா 1988-இல் கட்டியது. மொட்டை மாடியில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தது. பத்திரம் இன்றைக்கும் தாத்தா பெயரில். தாத்தா இல்லை. அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, பாகப்பிரிவினை இன்னும் நடக்கவில்லை. போன ஐப்பசி மழையில் கூடத்து மேற்கூரையில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்தது. மேஸ்திரி வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கம்பி துரு ஏறிடுச்சு. இப்ப பார்த்தா பூசிச் சரிபண்ணலாம். இன்னும் ரெண்டு மழை விட்டீங்கன்னா தளத்தையே உடைச்சுப் போடணும்" என்றார். இப்போது செய்தால் ஒன்றரை லட்சம், தளம் புதிதாகப் போட்டால் நான்கு லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பீடு.

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று பிரித்துப் படித்தோமே, அதை இங்கே வைத்துப் பார்த்தேன். கூரைப் பழுது, இருக்கிற சொத்தை இருக்கிறபடியே காப்பாற்றுகிற செலவு. (தொகையைப் பார்த்தால் நீள்பயன் வருவாயினச் செலவு என்று எழுதினால்தான் மார்க் போடுவார்கள்.) புத்தகப்படி வருவாயினச் செலவை அன்றாட வருமானத்திலிருந்து செய்ய வேண்டும், கடன் வாங்கக் கூடாது என்று தோன்றும். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை மேஸ்திரி சொன்னார். காத்திருந்தால் ஒன்றரை லட்சம் நான்கு லட்சம் ஆகும். எந்த வங்கியும் அந்த வட்டி வாங்குவதில்லை! கூரைக்குக் கடன் வாங்கலாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

இதே சமயத்தில் சமையலறைப் பேச்சும் வந்தது. மாடுலர் கிச்சன் கடைக்காரர் அளவெடுத்துவிட்டு 2,80,000 சொன்னார். நாங்கள் கேட்காமலே, "லோன் நாங்களே போட்டுத் தர்றோம் சார், எட்டு பர்சென்ட்தான்" என்றும் சொன்னார். நிதானமாக விசாரித்தால் அது ஃபிளாட் வட்டி. ஒன்றரை லட்சத்தை உதாரணமாக வைத்துக்கொண்டால் மூன்று வருட வட்டி 36,000. மொத்தம் 1,86,000-ஐ 36 தவணையில் கட்டினால் மாதம் 5,167. உண்மையான வருட வட்டி சுமார் 14.5 சதவீதம். 1934-இன் ஐந்து டாலர் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. வட்டியே இல்லை என்று சொல்லி விற்கப்படும் தவணைத் திட்டங்களை, அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் கண்டித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய கடன்களுக்கு, எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த வருட வட்டியை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேட்டேன். "அதெல்லாம் கம்பெனியிலிருந்து வரும் சார்" என்றார்.

அப்பாவின் வாதம் எளிமையானது. சமையலறை முதலினச் செலவு, ஆனால் யாருடைய முதல்? நான்கு பேருக்குப் பங்குள்ள சொத்தில் நாம் மட்டும் கடன் வாங்கிச் செலவு செய்தால், நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது பேச்சு வரும். கூரை ஒழுகுவதை யாரும் குறை சொல்ல முடியாது, மரப்பலகை அலமாரியைச் சொல்லலாம். பத்திரம் முடிகிற வரைக்கும் சமையலறையைத் தொட வேண்டாம். கணக்குப்படி அப்பா சொல்வது முழுக்கச் சரி.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கூரைக்கு என் வளையல் போகுது. அந்த அடுப்படியில தினமும் நிக்கிறது நான். அது மட்டும் அடுத்த வருஷமா?" அமெரிக்காவில் கதவைத் தட்டிய தொண்டர்களும், செனட் குழுவும், நம் வரிச் சட்டம் எழுதியவர்களும் 'வீடு' என்று சொன்னபோது அதற்குள் யார் நிற்கிறார்கள் என்று யோசித்தார்களா தெரியாது. எது அவசியம், எது ஆடம்பரம் என்று பிரிப்பவர் அந்த அறையில் வேலை செய்கிறவராக இருப்பதில்லை.

கடைசியில் வளையல் ஒரு பொதுத்துறை வங்கிக்குப் போனது. ஒரு வருடம் கழித்து அசலையும் வட்டியையும் மொத்தமாகக் கட்டும் முறையை எடுக்கவில்லை, மாதத் தவணையாகவே கேட்டு வாங்கினோம். மொத்தமாகக் கட்டும் முறையில் பணம் சேராமல் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே போகிற வீடுகளைத் தெருவில் நிறையப் பார்த்தாயிற்று. சித்தப்பாவும் அத்தைகளும் கூரைச் செலவில் தங்கள் பங்கைப் பாகப்பிரிவினையில் கழித்துக்கொள்ளலாம் என்று போனில் ஒத்துக்கொண்டார்கள். அதை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லி அப்பாவை நான் இன்னும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். கொத்தனார் வேலைக்கு வந்த அதே ஆட்களை வைத்து அடுப்பு மேடையை அம்மாவின் உயரத்துக்கு ஏற்றி, புதுத் தொட்டி பதித்து, புகை போக ஒரு விசிறியும் மாட்டியாயிற்று. 22,000 ஆயிற்று. அதற்குக் கடன் வாங்கவில்லை, அப்பாவின் போனஸ்.